லிடியாவுக்கு வந்த நாலு வரி

திண்டுக்கல்லில் ஒரு சாவு விழுந்தால் முதல் போன் பங்குச் சாமியாருக்குப் போகிறதோ இல்லையோ, இரண்டாவது போன் ரொனால்டுக்கு வந்துவிடும். திருச்சி ரோட்டில் அவனும் நூர் அகமதுவும் கூட்டாக நடத்துகிற ஃப்ளெக்ஸ் கடையில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் போர்டு அடித்துத் தருவார்கள்தான். ஆனால் கடைக்குப் பேர் வாங்கித் தந்தது கண்ணீர் அஞ்சலி போர்டு. மற்ற கடைகளில் கம்ப்யூட்டரில் பத்து வரி போட்டு வைத்திருப்பார்கள். விண்ணுலகம் சென்றீரே, எங்களைத் தவிக்கவிட்டீரே என்று எந்தப் பேருக்கும் பொருந்துகிற சரக்கு. பேரையும் போட்டோவையும் மாற்றினால் வேலை முடிந்தது. ரொனால்டு அப்படிச் செய்யமாட்டான். செத்தவருக்கென்று புதிதாக நாலு வரி எழுதுவான். ஒருத்தருக்கு எழுதியதை இன்னொருத்தருக்குப் போட்டதில்லை.

அதற்கு அவனிடம் ஒரு முறை இருந்தது. வருகிறவர்களை உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பான்.

"அவுக கடைசியா என்ன கேட்டாக?"

படித்தவரா, பெரிய மனுசரா, எத்தனை பேரன் பேத்தி, அதெல்லாம் அவனுக்கு வேண்டாம். சாகிறதுக்கு முன்னால் கடைசியாக என்ன கேட்டார்கள், அது போதும். பதிலை வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் சுருள்கள் சாத்தி வைத்திருக்கிற இருட்டறைக்குள் போவான். அங்கே திரு இருதய ஆண்டவர் படம், கீழே ஒரு சிவப்பு பல்பு. சிலுவை போட்டுக்கொண்டு முட்டி போடுவான். கொஞ்ச நேரத்தில் வரி வந்துவிடும். வந்ததை உடனே பிடிக்காவிட்டால் போய்விடும் என்பதால், முட்டி போட்டபடியே போனை எடுத்து நூர் அகமதுவுக்கு வாய்ஸ் மெசேஜாகச் சொல்லிவிடுவான். முன்னால் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நூர் அதைக் கேட்டு டைப் அடித்து, போட்டோவை ஒட்டி, பிரிண்ட் போட்டுவிடுவான். ரொனால்டு வெளியே வருவதற்குள் பாதி போர்டு மிஷினிலிருந்து இறங்கியிருக்கும். பல வருசமாக இப்படித்தான் ஓடியது.

செம்பட்டிப் பக்கம் ஒரு கிழவி கடைசியாக, ஆட்டைக் கட்டியாச்சா என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடினாளாம். அவளுக்கு ரொனால்டு எழுதினான்: 'ஆட்டைக் கட்டியாச்சு ஆத்தா, மாட்டைக் கட்டியாச்சு. உன்னைக் கட்டி வைக்கத்தான் எங்களிடம் கயிறில்லை.' ஆத்தாளை உயிரோடு இருந்தபோது ஏறிட்டுப் பார்க்காத மகன்கள் அந்த போர்டுக்குக் கீழே நின்று கேவிக் கேவி அழுதார்கள். அதற்குப் பிறகு வத்தலக்குண்டு, கொடைரோடு என்று எங்கெங்கிருந்தோ தேடி வந்தார்கள். இந்துக்களும் வந்தார்கள். எங்கள் ஆத்தாளுக்கு ஏன் உங்கள் ஏசுவிடம் கேட்டாய் என்று ஒருத்தரும் சண்டைக்கு வரவில்லை.

"எங்காளுக போர்டு வைக்கிறதில்ல, தப்பிச்சாக. இல்லேன்னா எங்க பேகம்பூரையும் அழ வச்சிருப்ப" என்பான் நூர் அகமது.

சின்ன வயதில் ரொனால்டு ஞானப்பாட்டு எழுதத்தான் ஆசைப்பட்டான். எழுதி எழுதிக் கோயில் பாடகர் குழுவுக்குக் கொடுத்தான். எதைப் பாடினாலும் கல்லறைக்குப் போகிற மாதிரியே இருக்கிறதே தம்பி என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கல்லறைதான் கடைசியில் அவனுக்குச் சோறு போட்டது. அவனைக் கேட்டால், எழுதுவது நான் இல்லை, ஆண்டவர் சொல்கிறார், நான் கேட்டுச் சொல்கிறேன் என்பான். அடக்கமாகச் சொல்வதுபோலத்தான் இருக்கும். அதற்குள் எம்புட்டு பெருமை இருந்தது என்று அவனுக்கே தெரியாது.

அவனை முழுசாக நம்பியது அவன் தங்கை வினோலியா. அவளும் புருசன் ஆண்டனிராஜும் மேற்கு மரியநாதபுரத்தில் குடியிருந்தார்கள். ஆண்டனிராஜ் செம்பட்டியில் வாத்தியார். ஒரே மகள் லிடியா, ப்ளஸ் டூ முடித்து நர்சிங் சேர்ந்திருந்தாள். "எங்கண்ணன் முட்டி போட்டா ஆண்டவரு பதில் சொல்லாம இருந்ததில்ல" என்று வினோலியா தெருவில் எல்லோரிடமும் சொல்வாள். வரம் என்றால் வரம்தானே, அது எதற்குக் கொடுத்த வரம் என்று யார் பிரித்துப் பார்க்கிறார்கள்.

மழை விட்டு வெயிலடித்த ஒரு வாரத்தில் லிடியாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் கசாயம், பிறகு ஊசி, பிறகு ரத்தப் பரிசோதனை. டெங்கு என்றார்கள். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையில் தட்டணுக்கள் மளமளவென்று இறங்கின. மதுரைக்குக் கொண்டு போங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆம்புலன்சில் வினோலியாவோடு ரொனால்டும் ஏறினான். ஆண்டனிராஜ் ரத்தம் கொடுக்க ஆள் திரட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

மதுரையில் ஐ.சி.யூ. வாசலில் ஸ்ட்ரெச்சரை ஒரு நிமிசம் நிறுத்தினார்கள். லிடியாவுக்கு முகம் உப்பியிருந்தது. மூச்சு மேலும் கீழும் இழுத்தது. அம்மாவைப் பார்த்து, "தண்ணி" என்றாள்.

வினோலியா பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். நர்ஸ் கையைப் பிடித்துத் தடுத்தாள். "குழாய் வைக்கப் போறோம்மா. ஒரு சொட்டு குடுக்கக் கூடாது."

"மாமா, நீயாச்சும் குடு" என்று லிடியா ரொனால்டைப் பார்த்தாள். அவன் நர்சைப் பார்த்தான். அதற்குள் ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்க் கதவு மூடிக்கொண்டது.

வெளியே வந்த டாக்டர் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார். இன்றும் நாளையும் தாண்டட்டும், அதற்கு மேல் எங்களால் எதுவும் சொல்ல முடியாது என்றார். ஆண்டனிராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வினோலியா உட்காரவில்லை. அண்ணனிடம் வந்தாள்.

"நீ இங்க நிக்காதண்ணே. கீழ ஜெப ரூமு இருக்காம். போயி முட்டி போடு. எம்புள்ள உசுரைக் கேட்டு வாங்கிட்டு வா."

கடையில் போய்ச் சர்க்கரை வாங்கி வா என்கிற மாதிரி சொன்னாள். அவ்வளவு நம்பிக்கை.

ஜெப ரூம் என்பது மருந்துக் கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்காவின் படம், மூன்றும் ஒரே சுவரில். ரொனால்டு கதவைச் சாத்தினான். சிலுவை போட்டுக்கொண்டு முட்டி போட்டான். கண்ணை மூடினான்.

ஆண்டவரே, லிடியாவை என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் ஓடவில்லை. ஸ்ட்ரெச்சரும் பாட்டிலும் வந்து நின்றன. அவள் கடைசியாக என்ன கேட்டாள் என்று அவனுக்குள் ஒரு குரல் கேட்டது. அது அவன் குரல்தான், கடையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்கிற அதே குரல். வேண்டாம் என்று தலையை உதறினான். பரலோக மந்திரத்தைச் சத்தமாகச் சொன்னான். பாதியில் நாக்கு நின்றது. தண்ணி கேட்டாள் என்று பதில் வந்தது. கேள்வியும் வந்து பதிலும் வந்துவிட்ட பிறகு எதை வைத்துத் தடுப்பது? முட்டி போட்டால் வரி வரும் என்று அத்தனை வருசம் பழக்கிய உடம்பு அது.

நாலு வரியும் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கின.

'தண்ணீர் கேட்டாய், நாங்கள் தரவில்லை.
பாட்டிலில் இருக்கிறது இன்னும் அந்தத் தண்ணீர்.
தாகத்தோடு சிலுவையில் தொங்கிய ஆண்டவரே,
எங்கள் பிள்ளைக்கு ஒரு வாய் கொடும்.'

இதுவரை வந்ததிலேயே இதுதான் சிறந்தது என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. பாட்டில் என்ற சொல் இப்படி ஒரு இடத்தில் வந்து உட்காரும் என்று அவன் நினைத்ததே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரம் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. மேலே மருமகள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, கீழே மாமனுக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது. போனை எடுத்தான். எப்போதும் சொல்கிற இடத்தில், நூர் அகமதுவின் பேருக்கு நேராக, நாலு வரியையும் தழுதழுத்த குரலில் சொல்லி முடித்துக் கட்டைவிரலை எடுத்தான்.

அதற்குப் பிறகுதான் எதற்கு முட்டி போட்டோம் என்ற நினைப்பே வந்தது. அழித்துவிட வேண்டும் என்று போனைத் திருப்பினான். அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில், "லிடியா அட்டெண்டர், லிடியா அட்டெண்டர்" என்று கூப்பிட்டார்கள். எழுந்து ஓடினான். மருந்து வாங்க வேண்டியிருந்தது, கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, ரத்த வங்கிக்கு ஓட வேண்டியிருந்தது. ஐ.சி.யூ. வாசலில் போனைச் சத்தமில்லாமல் வைக்கச் சொல்லிவிட்டார்கள். அந்த வாய்ஸ் மெசேஜ் அவன் நினைவிலிருந்து விழுந்துவிட்டது.

"கேட்டியாண்ணே?" என்றாள் வினோலியா.

"கேட்டேன்" என்றான்.

மறுநாள் காலையில் டாக்டர் கொஞ்சம் தெளிந்த முகத்தோடு வந்தார். தட்டணுக்கள் ஏற ஆரம்பித்திருக்கின்றன, கொஞ்சம்தான், ஆனாலும் ஏறுகிறது என்றார். வினோலியா இரண்டு நாளில் முதல்தடவையாக ஒரு டீ குடித்தாள். குடித்துவிட்டு அண்ணன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ கேட்டா குடுக்காம இருப்பாராண்ணே" என்றாள். ரொனால்டு கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல் விடவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான். நான் அதைக் கேட்கவில்லை தாயி என்று சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. அவன் சொல்லவில்லை.

அங்கே திண்டுக்கல்லில் நூர் அகமது காலையில் கடையைத் திறந்ததும் அந்த மெசேஜைக் கேட்டிருந்தான். கேட்டதும் புரிந்துவிட்டது. உயிரோடு இருக்கிறவர்களுக்கு ரொனால்டு ஒருநாளும் வரி எழுதியதில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், எப்படியும் போய்விடுவார், இப்போதே அடித்துவையுங்கள் என்று வருகிறவர்களைத் திட்டி அனுப்புகிறவன் அவன். அவனிடமிருந்து வரி வந்தால் ஆள் போயாச்சு என்று அர்த்தம். நூர் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். எடுக்கவில்லை. இழவில் இருக்கிறவன் எப்படிப் போனை எடுப்பான், இந்த நேரத்திலும் வரி அனுப்பியிருக்கிறானே, இதைக்கூடவா அவனைச் செய்யவைப்பது என்று நூர் தானே உட்கார்ந்து செய்தான். லிடியா ப்ளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தபோது அடித்த வாழ்த்து போர்டின் போட்டோ கம்ப்யூட்டரில் இருந்தது. இரட்டைச் சடையும் சிரிப்புமாக இருந்த அதே போட்டோவை வைத்தான். மெசேஜ் வந்த முந்தின நாள் தேதியைப் போட்டான். மரியநாதபுரத்தில் வீடு பூட்டிக் கிடந்தது. தெருமுனையில் தன் கையாலேயே கட்டிவிட்டு, அங்கேயே நின்று அழுதான். பார்த்தவர்களும் அழுதார்கள். யாரோ போட்டோ எடுத்தார்கள்.

அது சுற்றிச் சுற்றி மதுரைக்கு வர அதிக நேரம் ஆகவில்லை. முதலில் வினோலியாவின் தோழி ஒருத்தி கூப்பிட்டு, எதுவும் பேசாமல் அழுதுவிட்டு வைத்துவிட்டாள். இவள் என்ன பைத்தியம் மாதிரி என்று வினோலியா போனைத் திறந்து பார்த்தாள். மகள் சிரிக்கிற போட்டோவோடு கண்ணீர் அஞ்சலி போர்டு. பிறகு எழுந்து ரொனால்டிடம் வந்து நீட்டினாள்.

"இது என்னண்ணே?"

ரொனால்டு போனை வாங்கிப் பார்த்தான். "நூரு பாய் தெரியாம..."

"நூரு பாய் எழுதலையே. இது உன் எழுத்து. அவ தண்ணி கேட்டது நமக்கும் அந்த நர்சுக்கும் தவுர யாருக்குத் தெரியும்?"

அவன் போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

"எப்ப எழுதுன?"

"நேத்து. கீழ முட்டி போட்டப்ப. நான் கூப்புடல வினோ. தானா வந்துச்சு."

"வந்துச்சு, சரி. அதை எதுக்குப் போன்ல பேசி அனுப்புன?"

ஆண்டனிராஜ் எழுந்து வந்து மனைவியின் தோளைத் தொட்டார். அவள் அவர் கையை எடுத்துவிட்டாள். அவள் குரல் உயரவே இல்லை. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொலைஞ்சு போயிரும்னு" என்றான் ரொனால்டு.

"எதுண்ணே தொலைஞ்சு போயிரும்னு பயந்த?"

அதற்குப் பதில் அவனுக்குத் தெரியும். நூருக்குப் போன் போட்டு, பிள்ளை உயிரோடு இருக்கிறாள் பாய், அதை அவிழ்த்துவிடு என்று மட்டும் சொன்னான். அந்தப் பக்கம் நூர் அகமது, யா அல்லா, யா அல்லா என்று சொல்லிக்கொண்டே இருந்தான். போர்டை அவிழ்த்துச் சுருட்டிக் கடைக்குப் பின்னால், சுருள்களோடு சுருளாகச் சாத்தி வைத்தான்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு லிடியாவின் இதயம் நின்றுவிட்டது. காலையில் தெளிந்த முகத்தோடு வந்த அதே டாக்டர்தான் வந்து சொன்னார். இந்தக் காய்ச்சல் சில நேரம் இப்படித்தான், ஏறுகிற மாதிரி காட்டி இழுத்துவிடும் என்றார். போர்டு கட்டி ஒரு பிள்ளை சாகாது. ஜெபத்தில் கவனம் பிசகினதற்காக ஆண்டவர் பதினெட்டு வயதுப் பிள்ளையை எடுத்துக்கொள்வார் என்று நினைப்பது அவருக்கே அவமானம். இதெல்லாம் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த வராந்தாவில் நின்ற வினோலியாவிடம் போய் இதை யார் சொல்வது? ரொனால்டுக்கே அதை யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். கொடைரோடு தாண்டும்போது ரொனால்டின் போன் அதிர்ந்தது. நூர் அகமது. ஆம்புலன்ஸ் சத்தத்தில் அவன் பேசுவது எல்லோருக்கும் கேட்டது.

"ரொனால்டு, தெருவுல எல்லாரும் நிக்கிறாக. போர்டு என்னன்னு கேக்குறாக. பேரும் போட்டோவும் மட்டும் போட்டு வேற அடிச்சிரவா? வரி எதுவும் வேணாம்ல?"

ரொனால்டு பதில் சொல்வதற்குள் வினோலியா மகளின் நெற்றியிலிருந்து கையை எடுக்காமலேயே பேசினாள்.

"புதுசா எதுக்குண்ணே அடிக்கணும். அதான் முன்னாடியே எழுதி வச்சுட்டியே. தேதியை மட்டும் மாத்திக் கட்டச் சொல்லு."

ஆண்டனிராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரொனால்டு போனை அணைக்க மறந்து கையில் வைத்திருந்தான். அந்தப் பக்கம் நூருக்கும் அது கேட்டுவிட்டது.

மரியநாதபுரம் தெருமுனையில் அதே போர்டு மறுபடி நின்றது. தேதியின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிப் புதுத் தேதி போட்டிருந்தான் நூர். அவசரத்தில் ஒட்டியதால் ஓரம் மடங்கியிருந்தது. இறங்கியவர்களெல்லாம் முதலில் அங்கே நின்று படித்தார்கள். படித்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டார்கள். கோயிலில் வாசகம் வாசிக்கிற புஷ்பமேரி டீச்சர் ரொனால்டின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ எழுதுனதுலயே இதுதாம்ப்பா. ஆண்டவரு குடுக்காம இப்படி ஒரு வரி வராது."

அவன் ஆமாம் டீச்சர் என்றான். வேறு என்ன சொல்வான்.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் சாமியார் ஜெபத்தை ஆரம்பித்தார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் முட்டி போட்டார்கள். ரொனால்டு மட்டும் தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தான். மருமகளுக்காக ஒரு ஜெபம் சொல்ல அவனுக்கும் ஆசைதான். ஆனால் முட்டி தரையில் பட்டால் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பயத்தில் நின்றான். வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நூர் அகமது வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றவன், உள்ளே வந்து அவன் பக்கத்தில் நின்றுகொண்டான்.

ஜெபம் முடியும் நேரத்தில் வினோலியா எழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்த பையைத் திறந்து அந்தப் பாட்டிலை எடுத்தாள். அப்படியே நிறைந்திருந்தது. மூடியைத் திருகி, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, விரலால் தொட்டு மகளின் உதட்டை நனைத்தாள். தடுக்க நர்ஸ் இல்லை. உதட்டோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள்.

நின்றுகொண்டிருந்த ரொனால்டுக்கு ஐந்தாவது வரி வந்தது.

முட்டி போடவில்லை, கண்ணை மூடவில்லை, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் வந்தது, முழுசாக, ஒரு சொல்கூட மாற்ற வேண்டியில்லாமல். அவன் கை தானாகச் சட்டைப் பையில் இருந்த போனுக்குப் போனது.

நூர் அகமது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். பெட்டியை மூடி, தூக்கி, தெரு தாண்டிக் கல்லறைக்குக் கொண்டு போய் இறக்கும்வரை விடவில்லை.